நாலாம் தரம்

குலசேகரத்தில் எங்கள் புகைப்புரை
மார்ச் மாத விடியல் ஒன்றில் பற்றியது.
கொடியிலிருந்து ஷீட் ஒன்று நழுவி
அடுப்பில் விழுந்ததாகச் சொன்னார்கள்.
நான் உள்ளே இருந்தேன்.
ரப்பர் எரியும் புகைக்கு எடை உண்டு,
தோளில் ஏறி உட்காரும்.

இடது கை வெந்தது. அதை எல்லாரும் பார்த்தார்கள்.
மூக்கு ரோமம் கருகியிருந்ததைப் பார்த்தது
ஆசாரிப்பள்ளத்தில் ஒரு சின்ன டாக்டர் மட்டும்.
வாயில் டார்ச் அடித்துவிட்டு
"கையை விடுங்க, தொண்டை வீங்குது" என்று ஓடினார்.
மூணு நாள் கரி துப்பினேன்.
போன குரல் திரும்பி வந்தபோது
வேறு எவனுடையதோவாக இருந்தது.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க மூச்சில்லை.
இருபத்திரண்டு வருஷம் நானும் இப்படித்தான்
ஷீட்டை வெயிலுக்கு நேரே பிடித்து
குமிழி, கறை, உலராத வெள்ளை பார்த்து
தரம் பிரித்தேன்.
"படம் சுத்தமாட்டு இருக்கு" என்றார்கள்.
சுத்தமான ஷீட்டையும்
இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.
சொல்லவில்லை.

இழுத்துப் பார்த்தது ஆறு மாதம் கழித்து.
மூக்கில் கிளிப், வாயில் குழாய்.
ஷைனி சிஸ்டர் கத்துகிறாள்
ஊதுங்க ஊதுங்க ஊதுங்க
விடாதீங்க இன்னும் இன்னும்
ஏதோ நான் பிள்ளை பெறுவதுபோல.
திரையில் ஒரு மலை எழும்பி
பாதியில் சரிந்தது.
ஐம்பத்தெட்டு சதவீதம்.
மீதி எங்கே என்றேன்.
"கையில தழும்பு இருக்குல்லா,
அதுமாதிரி உள்ளேயும், மூச்சு போற வழியில."

ஷீட்டாக இருந்தால் நாலாம் தரம்.
நாலாம் தரத்துக்குத்தான் சந்தையில் ஆள் அதிகம்.

இழப்பீட்டுத் தாளில் கேட்டிருந்தது
வெந்த தோல் எத்தனை சதவீதம் என்று.
மானேஜர் தாவீதடிமை ஒன்பது என்று எழுதினார்.
மூச்சுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதட்டுமா என்றேன்.
"ஓரத்தில எழுதினா தாள் செல்லாதாக்கும்."

பஸ் இறங்கி வீட்டுக்கு ஏற்றம்.
கல்வெட்டாங்குழி திரும்பும் இடத்தில்
தினமும் என் கைலி அவிழ்கிறது.
நின்று, நிதானமாட்டு, மடித்துக் கட்டுகிறேன்.
லில்லிபாய் முதலில் முன்னால் போய் நிற்பாள்.
இப்போது அவள் செருப்பிலும்
அதே இடத்தில்
தினமும் ஒரு கல் ஏறிவிடுகிறது.