திங்களில் வெள்ளி

கிள்ளானில் விமானம் ஏறும் முன்பே
பட்டியல் போட்டுவிட்டார் குணாளன்.
ஒரே நாள், பாண்டிச்சேரி, பதினோரு இடம்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம்,
டிக் அடிக்க.

காலை எட்டு மணி, பேருந்து நிலைய வாசல்.
ஆட்டோக்காரர் பெயர் அந்துவான்.
"மியூசியத்துக்கு எத்தனை வெள்ளி?" என்றேன்
வாய்ப்பழக்கத்தில்.
"வெள்ளி இல்லம்மா, இன்னிக்குத் திங்கள்."
சிரித்துக்கொண்டே ஏறினோம்.
சிரித்திருக்கக் கூடாது.
மியூசியக் கதவில் தொங்கிய அட்டையும்
அதையேதான் சொன்னது:
திங்கள் விடுமுறை.

"சரி, பசியாறலாம்" என்றேன்.
"காரைக்கால் பக்கமா நீங்க?"
கண்ணாடியில் என்னைப் பார்த்தார் அந்துவான்.
மலேசியா என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.
"அப்ப ரூ துமாஸ்ல எறக்கிடறேன்."
துமாஸ் என்றால் எவ்வளவு என்று கேட்கக் கூச்சப்பட்டு
நூறு ரூபாய்த் தாள்களை எண்ண ஆரம்பித்தார் குணாளன்.
அது தெருவின் பெயர் என்று புரிந்தபோது
ஏழாவது தாளில் இருந்தார்.

பிள்ளையார் கோயிலில்
"ரெண்டு நிமிஷத்துக்கு டோக்கன் எதுக்கு?" என்றது அவர்தான்.
வெளியே வந்தால்
வலது கால் பழுப்பு, என்னுடையது.
இடது கால் நீலம், பிளாஸ்டிக் பூ வைத்தது,
எவளோ ஒரு அவசரக்காரியுடையது.
குதிகால் பக்கம் நன்றாகத் தேய்ந்திருந்தது.
அழுத்தி நடக்கிறவள்.
அதையே மாட்டிக்கொண்டேன்.
ஒரு கால் டக், ஒரு கால் சளக்
என்று பிரெஞ்சுத் தெருக்களைச் சுற்றிப் பார்த்தேன்.

கடற்கரை என்றார்கள், கருங்கல்லாகக் கிடந்தது.
மணலில் விரிக்கக் கொண்டுவந்த பாய்
கக்கத்தில் சுருண்டபடி கடலைப் பார்த்தது.

வாடகை ஸ்கூட்டரில்
போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியை ரசித்தபடியே
ஒருவழிப் பாதையில் எதிரே நுழைந்தார் குணாளன்.
அபராதம் கட்டிவிட்டு
ஒரு போட்டோ எடுத்துக்கலாமா என்று கேட்டார்.
முடியாது என்றார் அவர்.
சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

சுண்ணாம்பாற்றுப் படகுக்கு முக்கால் மணி நேர வரிசை.
எங்கள் முறை வந்தபோது சன்னல் சாத்தியது:
"காத்து ஜாஸ்தி, இனிமே போட் கிடையாது."
காற்றுக்குப் பின்னாலேயே மழை.

இளநீர்க் கடைத் தார்ப்பாயின் கீழ்
எட்டுப் பேரோடு ஒதுங்கினோம்.
அங்கேதான் சண்டை வந்தது.
ஊரில் என்றால் பக்கத்து வீட்டு ஆ மோய்க்குப் புரியாதபடி
தமிழில் போடுவோம்.
இங்கே சுற்றிலும் தமிழ்.
ஆகவே மலாயில் போட்டோம்,
நிம்மதியாக, வாய் விட்டு,
அவர் என் நடையைச் சொல்லி,
நான் அவர் பட்டியலைச் சொல்லி,
பிறகு அவர் தங்கை கல்யாணம் வரைக்கும் போய்.

பீடியைக் காதில் செருகியிருந்த ஒருவர்
மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"சபார், கக்கா, சபார்."

பொறு அக்கா, பொறு.
கடலூர் முதுநகராம், பெயர் தனக்கோடி,
ஜொகூரில் பத்து வருஷம் வெல்டிங் வேலை.
தங்கை கல்யாணத்தில் குறைந்த நாலு பவுனைப் பற்றி
இப்போது அவருக்கும் தெரியும்.
எனக்குப் பூமி பிளக்கவில்லை.
குணாளன்தான் முதலில் சிரித்தார்,
மூக்கிலிருந்து இளநீர் வர.
மழை விடும் வரை
ஜொகூரின் நாசி லெமாக் கடை ஒன்றைப் பற்றி
மூவரும் பேசினோம்,
அந்தக் கடை மூடிவிட்டது என்று
அவரிடம் சொல்ல மனமில்லை.

ஆறு மணிக்கு அதே அந்துவான், அதே ஆட்டோ.
"பசியாறியாச்சா?" என்றார்.
சாயங்காலத்தில் அப்படிக் கேட்கக் கூடாது,
அது காலைக்கான சொல்.
ஆச்சு என்றேன்.

பேருந்து நிலையத்தில் எவ்வளவு என்று கேட்டதற்கு
"அஞ்சு வெள்ளி" என்றார், முகத்தை இறுக்கிக்கொண்டு.
மனக்கணக்குப் போட்டு
நூறு ரூபாய் கொடுத்தார் குணாளன்.
பட்டியலை எடுத்துப் பார்த்தார்,
திருப்பிப் பார்த்தார், மடித்து வைத்தார்.

திண்டிவனம் தாண்டும்போதுதான்
என் கக்கம் காலியாக இருப்பது தெரிந்தது.
ஒரு தரம்கூட விரிக்காத பாய்,
ஆட்டோவில்.