கடைசிக் கோடு

நாரின் நகருக்கு மேலே
பாறையைக் குடைந்த அறையில்
ஒரு நிறை தொங்குகிறது.
பூமி அசையும். அது அசைய மாட்டேன் என்கும்.
அந்தப் பிடிவாதத்திலிருந்து கிடைப்பது
ஒரு வோல்ட்டில் கோடியில் ஒரு பங்கு.
அதை வைத்துக்கொண்டு என்ன எழுத முடியும்?

ஆகவே பெருக்கி.
நேற்றிரவு புருல்கான்
குமிழைத் திருகித் திருகிக்
கடைசிக் கோட்டில் நிறுத்தினாள்.
லட்சம் மடங்கு.

பெருக்கிக்குப் பாரபட்சம் கிடையாது.
கொடுத்ததைப் பெரிதாக்கும்,
கொடுக்காததையும்:
தன் கம்பிச் சூட்டில் எலக்ட்ரான்கள் நெளியும் இரைச்சலை,
தன் மூச்சையே.
"முதல் படியில் சுத்தம் வேண்டும்" என்பான்
பிஷ்கெக்கிலிருந்து பழுதுபார்க்க வரும் எர்மெக்.
"அங்கே நுழைந்த முணுமுணுப்பை
இரண்டாம் படி வாக்கியமாக்கும்,
மூன்றாம் படி
சட்டமாக்கிவிடும்."

இரண்டு நாற்பது.
திரையில் நான்கு துடிப்பு. இடைவெளி.
மறுபடி நான்கு.
ஆறு உறைந்து கிடக்கிறது, ஆறில்லை.
காற்றும் இல்லை.
மேலங்கியை மாட்டிக்கொண்டு,
டார்ச்சை எடுத்துக்கொண்டு,
பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தாறில் இறங்கினாள்.
சரிவில் சூரன்பாயின் சாம்பல் குதிரை
முன்னங்காலால் பனியைப் பறித்துக்கொண்டிருந்தது.
அடியில் எங்கோ போன கோடையின் புல்.

பதிவேட்டில் எழுதினாள்:
02.41. குதிரை. பசி.

குளம்புகளுக்கு நடுவே வேறொன்றும் இருந்தது.
ஆறு விநாடிக்கொரு தரம்
மெல்ல ஏறி, மெல்ல இறங்கி.
அது கடல்.
எந்தத் திசையில் நடந்தாலும்
மூன்று நாட்டைத் தாண்டினாலும் வராத கடல்
யாரோ ஒருவரின் கரையில் அலையடிப்பது
இந்த மலையின் எலும்பு வழியே வந்து
அவள் திரையில் புரள்கிறது.
புருல்கான் கடலைப் பார்த்ததில்லை.
தேநீர் ஆறும்வரை
பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு பதினேழுக்கு வந்தது.
அலமாரி நடந்தது.
கோப்பை விழுந்தது.
கீழே ஊரில் நாய்கள் எல்லாம் ஒரே வாயாய்.
அவள் மேசைக்கடியில் குந்தியபடி
திரையை எட்டிப் பார்த்தாள்:

உச்சியில் ஒரு நேர்கோடு.
அடியில் ஒரு நேர்கோடு.
நடுவில் ஒன்றுமே இல்லை.

அதற்கு மேல் போக இடமில்லை பெருக்கிக்கு.
புல் தேடும் குளம்பைக் கேட்கத் தீட்டிய காது
மலை கத்தியபோது
வெறுமனே நிரம்பிப் போயிருந்தது.

தொலைபேசி. எர்மெக்.
"நீ பிழைத்தாயா? எவ்வளவு பெரிது?
உன்னிடந்தான் கிட்டத்தில் கருவி, சொல், எவ்வளவு?"

உடைந்த கோப்பையின் பிடி
எப்படியோ அவள் கையில் இருந்தது.

"குதிரை வரைக்கும் தெரியும்" என்றாள்.
"அதற்கு மேல் தெரியாது."