பதினோராம் வரி

மூன்று மொழிப் படிவம்.
சிங்களம் நிரம்பிவிட்டது, ஆங்கிலமும்.
தமிழ்ப் பத்தியில் பதினோராம் வரி மட்டும் வெள்ளை.
"ஷியாமளி, இது உங்கட வேலை" என்று
விராஜ் வைத்துவிட்டுப் போனது திங்கட்கிழமை.
தெமட்டகொடை ஆய்வுகூடத்தில் எனக்கு இரண்டு வேலை:
கொங்கிறீற்றை உடைப்பது,
உடைந்ததற்குத் தமிழ் சொல்வது.

ஒன்பதாம் வரி வலிமை. யோசிக்கத் தேவையில்லை.
பத்தாம் வரி கடினம். அதுவும் போகட்டும்.
பதினொன்று,
விரிசல் விழுந்த பிறகும்
எவ்வளவு தூரம் விடாமல் நிற்கிறது என்பது.

உறுதி என்று எழுதலாம்.
ஆனால் உறுதி என்றால் இங்கே காணிக் கடதாசி;
படித்தவர் நொத்தாரிசைத் தேடிப் போவார்.
உரம் என்று எழுதலாம்.
அது வராமல் ஒரு போகமே கருகிய நாட்டில்
அந்தச் சொல்லை லேசாகத் தூக்க முடியாது.

இன்று இருபத்தெட்டாம் நாள்.
தொட்டியிலிருந்து எடுத்துத் துடைக்கிறேன்.
முதற் கலவை வெறும் சீமெந்து, மணல், கல், தண்ணீர்.
இரண்டாவதில் சீமெந்தில் கால்வாசியை எடுத்துவிட்டு
நுரைச்சோலை நிலக்கரிச் சாம்பல்.
மூன்றாவதில் சிலிக்காத் தூள்,
சுருட்டுப் புகையைப்போல் நுண்மை,
முகக்கவசம் கழற்றினால் மூக்கோரம் சாம்பல் கோடு;
தண்ணீரைக் குறைத்து இளக்கி ஊற்றியிருக்கிறோம்.
நான்காவதில் அதெல்லாம், கூடவே நார்:
விரல் நீளத்துக்கு வெட்டிய பிளாஸ்டிக் இழை,
கனமீற்றருக்கு ஐந்து கிலோ.
எல்லாவற்றிலும் கொஞ்சம் தாமதமூட்டி,
பேலியகொடையிலிருந்து வெள்ளவத்தைக்குக்
கலவை லொறி போக இரண்டு மணித்தியாலம் என்பதால்.
காலி வீதி நெரிசலுக்கு மருந்து இருக்கிறது,
சீமெந்துக்கு மட்டும்.

வெறும் கட்டி முப்பத்திரண்டில் போனது.
சாம்பல் கட்டி இருபத்தொன்பது;
அது ஆறுதலாக ஏறும், தொண்ணூறாம் நாள் கேட்கவேண்டும்.
சிலிக்கா ஐம்பத்தெட்டு வரை
முகத்தில் ஒரு கீறல் இல்லை.
பிறகு வெடித்தது.
கூண்டுக் கதவில் கல் தெறித்து,
அடுத்த அறையில் ருவந்தி தேநீரைக் கொட்டினாள்.
எல்லாரிலும் வலியது,
ஒரு சொல் சொல்லாமல் தூளானது.

நார் போட்டதைப் பீமாக வார்த்திருந்தோம்.
இரண்டு உருளைமேல் கிடத்தி நடுவில் அழுத்தினோம்.
அடியிலிருந்து மயிரிழைக் கோடு ஏறியது.
திரையில் வரைபு உச்சிக்குப் போய் விழுந்தது,
விழுந்தது தரைக்கு வரவில்லை,
பாதியில் எதையோ பற்றிக்கொண்டு
வலப்பக்கமாக நடந்தது
நடந்தது
றாகமை ரயில் போய், மேசை ஆடி அடங்கியும்
நடந்தது.
"மிஸ், ஒடஞ்சிட்டுத்தானே, நிப்பாட்டவா?" என்றான் நஸ்மி.
"உடைஞ்ச பிறகுதான் சோதனையே."

குனிந்து டோர்ச் அடித்தேன்.
விரிசலின் இரு கரைக்கும் குறுக்கே நார்கள்.
அறவில்லை. மெல்ல மெல்ல
உருவிக்கொண்டு வந்தன,
சில்லிடும் சிறு சத்தத்தோடு.
அந்த உருவலில்தான்
இயந்திரத்தின் பலமெல்லாம் செலவாகியது.

நஸ்மியின் போன் அடித்தது. வீட்டிலிருந்து.
எரிவாயு, பிள்ளையின் வகுப்புக் காசு, என்னவோ.
"பத்தாந் தேதி மட்டும்
எப்படியாச்சும் தாக்குப்பிடிங்களே" என்றான்,
ஒரு கையால் அழுத்தவேகத்தைத் திருகியபடி.

எழுதினேன்: தாக்குப்பிடிப்பு.
தாக்கு, பிடிப்பு. இரண்டும் இருக்கிறது.
எந்த அகராதியும் பார்க்கவில்லை.

கட்டத்துக்குள் சொல் அடங்கவில்லை,
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி நின்றது.
எழுத்தைச் சிறிதாக்குங்கள் என்றார் விராஜ்.
கட்டத்தைப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்டேன்.
யோசித்துச் சொல்கிறேன் என்று போனார்.

நாலு மில்லிமீற்றரில் சோதனை முடிந்தது.
பீமை இறக்கவேண்டும்.
நஸ்மி ஒரு நுனி, நான் ஒரு நுனி.
நடுவில் விரிசல் வாய் திறந்து தொங்க
அது
ஒரே துண்டாகத்தான் வந்தது.