பதிவுப் பெட்டி

மலைப்பாதை தொடங்குமிடத்தில் ஒரு கம்பம்,
கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி,
பெட்டிக்குள் ஒரு நோட்டு.
பென்சிலை மட்டும் எவராவது கொண்டுபோய்விடுவார்கள்.
ஐடஹோவின் இந்த அரசுக் காட்டில்
கழிப்பறை கழுவுவதும், விழுந்த மரத்தை அறுப்பதும்,
வெள்ளிதோறும் அந்த நோட்டைப் புரட்டுவதும்
என் வேலை.

பெயர். ஊர். ஆட்கள் எத்தனை. குதிரை உண்டா.
எதுவரை போகிறீர்கள்.
கடைசியில், குறிப்புக்கு ஒரு விரற்கடை இடம்.

அந்த விரற்கடையில் என்னவெல்லாம் எழுதுகிறார்கள்!
"கொசு."
"மரங்கள் காட்சியை மறைக்கின்றன. ஆவன செய்யவும்."
"இங்கே ஏன் சிக்னல் இல்லை?"
"அவள் சம்மதித்துவிட்டாள்!!"
அதன் கீழே வேறு கையெழுத்தில், "பாவம்."
யார் என்று சொல்லவில்லை.
ஒரு குழந்தை கரடி வரைந்து
காலுக்குச் செருப்பும் போட்டிருந்தது.

ஜூன் முதல் வாரம்
நடுங்கும் எழுத்தில்:
ஹார்லன் ட்வெய்ட். ஆள் 1.
எதுவரை: "முதல் பெஞ்சு."
வண்டி நிறுத்துமிடத்திலிருந்து
நான் கத்தினால் கேட்கும் தூரம் அது.
அடுத்த வாரமும் பெஞ்சு. அதற்கடுத்த வாரமும்.
பிறகு "மரப்பாலம்."
பிறகு "பாலம் தாண்டி, பிளந்த பாறை."
பிறகு மறுபடி "பெஞ்சு".
"இன்று முடியவில்லை. அணில் ஒன்று திட்டியது."

நான் அவரைப் பார்த்ததே இல்லை.
அவர் செவ்வாய்க்கிழமை மனிதர்; நான் வெள்ளிக்கிழமைக்காரி.
ஆனாலும் ஜூலையில்
பாறைக்கு மேலே, இரண்டாம் கொண்டையூசி வளைவில்
குறுக்கே கிடந்த ஃபிர் மரத்தை,
பட்டியலில் பதினோராவதாக இருந்ததை,
முதலில் அறுத்தேன்.
"என்ன அவசரம், இடோயா?" என்றான்
ரம்பத்தின் மறுமுனையில் இருந்தவன்.
இழு, என்றேன்.

ஆகஸ்டில் பெட்டிக்குள் எலி குடிவந்தது.
ஐந்து வாரத்துத் தாள்களைக் கொறித்து
மெத்தென்று ஒரு கூடு. ஆறு குஞ்சுகள்,
இளஞ்சிவப்பாய், கண் திறக்காமல்.
கூட்டின் விளிம்பில் கிழிசலாய் ஒரு "ட்வெ".
எதுவரை என்பது
எந்தக் குஞ்சின் அடியில் கிடந்ததோ.
நோட்டைத் தரையில் வைத்து, மேலே கல்லைப் பாரமேற்றி
பெட்டியை எலிக்கே விட்டேன்.

செப்டம்பர் கடைசி.
ஊசியிலை மரமாய்ப் பிறந்தும்
லார்ச் மட்டும் மஞ்சளாகி உதிரும் வாரம்.
சாலையை அடைக்கச் சங்கிலியோடு போனேன்.
கடைசித் தாளில்:
ஹார்லன் ட்வெய்ட். ஆள் 1.
எதுவரை: "ஏரி."
நாலரை மைல், இரண்டாயிரம் அடி ஏற்றம்.
குறிப்பு: "மூடுபனி. ஒன்றுமே தெரியவில்லை.
தண்ணீர் இருக்கிறது. கையை விட்டுப் பார்த்தேன்."

அலுவலகக் கணினிக்கு எண்ணிக்கை மட்டும் போதும்.
இந்தப் பருவத்தில் வந்தவர்கள் ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு.
குதிரைகள் முப்பத்தெட்டு.
எலிகள் ஏழு என்று சேர்த்தேன்; ஏற்க மறுத்தது.

பென்சில் இந்த முறை
கல்லுக்கடியிலேயே இருந்தது,
கத்தியால் நுனி சீவப்பட்டு.