கானி

சனிக்கிழமை ராத்திரி ஐஸ் பேக்டரியில
பார் உடைக்கிற மிஷினை நிறுத்திட்டு
மோசசு செல்போனை உப்புச் சாக்கு மேல சாத்தி வைப்பான்.
ஏழு பேரு, ஒரு கையகல வெளிச்சம்.
ஜப்பான்ல மணி அடிக்கும்.
பக்கவாட்டுல நடந்து வரும் செவப்பு நண்டு.

"எடது காலப் பாருடா, எடது கால.
இன்னா நடிப்புடா இவன்.
ரெண்டு வருசமா ஒரு மேட்ச்சுல கூட
நொண்டுறத மறக்கலடா."

நான் தார்ப்பாய இழுத்து ஐஸை மூடுறேன்.

அது நடிப்பில்ல மோசசு.
குஷிரோன்னு ஒரு மீன்புடி ஊரு,
பள்ளிக்கூடத்து ஹாலு,
வெளிய பனி முட்டி ஒசரம்.
மூணாவது கயித்து மேலேர்ந்து குதிச்சேன்,
புடிக்க வேண்டியவன் அரை அடி தள்ளி நின்னுட்டான்.
ஈரக் குச்சி ஒடியிற மாதிரி ஒரு சத்தம்.
எனக்கு மட்டும் கேட்டுது.
ஜனம் கை தட்டுச்சு.
நொண்டிக்கிட்டே எழுந்தேன், இன்னும் தட்டுச்சு.
மறுநாள் மொதலாளி சொன்னாரு:
நல்லா இருக்கு, அதையே வெச்சுக்கோ.
வெச்சுக்கிட்டேன், எட்டு மாசம்.

கானின்னா அங்க நண்டு.
நம்ம பக்கம் காணின்னா நெலம்.
ரெண்டுமே என் பேர்ல இல்ல.

முகமூடி கம்பெனியுது.
கயிறு ஏறும்போது ரெண்டு வெரல விரிச்சு
கொடுக்கு மாதிரி காட்டுறது நான் கண்டுபுடிச்சது,
அதுவும் கம்பெனியுதுதான்.
உள்ள யாருன்னு செத்தாலும் சொல்லக்கூடாதுன்னு
கையெழுத்துக்குக் கீழ இன்னொரு கையெழுத்து.
ஆபரேசனுக்குப் பாதி காசு, ஊருக்கு டிக்கெட்டு.
ஏர்போட்டுக்கு ஒரு பையன் வந்து
பிளாஸ்டிக் கவர்ல முகமூடியத் திருப்பி வாங்குனான்.
என் மூஞ்சிய அவன் பாக்கல.
கவருக்குள்ள எட்டிப் பாத்து
இடுப்பு வளைய ஒரு கும்புடு போட்டான்.

காசிமேட்டுக்கு நான்
ஜப்பான்ல மீன் பேக்கிங் பண்ணவன்.
தேசம்மாவுக்கு மட்டும் தெரியும்.
ஒருநாள் அரிசி களைஞ்சிக்கிட்டே கேட்டா:
"நீ அனுப்புன போட்டோவுல
எதுலயாவது நீ இருக்கியா?"

நண்டு ஓடு கழட்டுனா
ஓடு மணல்ல கெடக்கும், நண்டு போயிடும்.
எனக்குத் தலைகீழு.
ஓடு அங்க ரிங்ல குதிக்குது.
நான் இங்க மெத்துனு, வளைக்குள்ள.

இப்ப உள்ள இருக்குறவன் யாரோ.
என்னை விட ரெண்டு இன்ச்சு குள்ளம்.
நல்ல முட்டி ரெண்டு வெச்சிருக்கான்.
என் வலிய வலியில்லாம நடக்குறான்.
பொறாமையான்னு கேட்டா, ஆமா.
ஆனா மழைக்கு முட்டி குத்துற ராத்திரியில
சரியாத்தான் வைக்கிறானான்னு உத்துப் பாப்பேன்.
கொஞ்சம் அதிகமா இழுக்குறான்.
யாராவது சொல்லணும் அவனுக்கு.

போன வாரம் மோசசு எழுந்து நொண்டிக் காட்டுனான்.
நான் டீ வாங்கப் போய்க்கிட்டிருந்தேன்.
"எத்திராசு! நீயும் அப்படித்தாண்டா நடக்குற,
பாத்துப் பாத்து உனுக்கும் ஒட்டிக்கிச்சு!"
எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான்.
ஏழு டீல ரெண்டு தளும்பிப் போச்சு.

இன்னிக்கு எதிராளி பெரிய ஆளு.
நண்ட குப்புறத் தள்ளி, முதுகுல உக்காந்து
பின்மண்டை லேச அவுக்குறான்.
ஜனம் வேணாம் வேணாம்னு கத்துது.
கேமரா கிட்டப் போவுது.
வலது காதோரம், செவப்புத் துணியில
ஒரு நீலக் கயிறு.
நான் தெச்சது.
ஒரு ராத்திரி பஸ்ல, கிழிஞ்ச எடத்துல,
வலைக்குப் போடுற முடிச்சு போட்டு.
கம்பெனி அத பிரிக்கவே இல்ல.
பேப்பர்லயும் அது இல்ல.

முகமூடி தாடை வரைக்கும் ஏறிடுச்சு.
அமோனியா நாத்தம் புடிச்ச ரெண்டு கையாலயும்
என் மூஞ்சியப் பொத்திக்கிட்டேன்.

"டேய், இன்னாடா இது," ன்னான் மோசசு,
"உன்னையா அவுக்குறான்?"

வெரல் இடுக்குல பாக்குறேன்.
இழுக்குறான்.
நீலக் கயிறு அறுந்தபாடில்ல.