பதினொன்று

மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கிப் பாலம் கடந்தால்
முதுகுதான் முதலில் தெரியும்.
எந்த மாளிகைக்கும் முதுகில்
தண்ணீர்க் குழாயும் பாசியும் உண்டு.
பத்தொன்பது வருடம் அந்தப் பக்கமாகத்தான்
வேலைக்கு நுழைந்தேன்.
முகத்தை நின்று பார்த்தது
ஓய்வு பெற்ற பிறகு, அதாவது இன்று,
என்றால் நம்பமாட்டீர்கள்.

சாலைக்கு இந்தப் பக்கம், பாடாங் புல்லோரம்,
வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு
நானும் ஒரு சுற்றுலாக்காரி.

செங்கல் வரிசை, மேலே வெள்ளைச் சாந்துப் பட்டை,
மறுபடி சிவப்பு, மறுபடி வெள்ளை:
சிவப்பரிசிப் புட்டைக் குழலிலிருந்து தள்ளி
அப்படியே நிறுத்தியதுபோல் தூண்கள்.
லாடம் லாடமாய் வளைவுகள்.
கவிழ்த்த செம்புக் கும்பாக்கள்.
இரு பக்கமும் சுருள்படிக் கோபுரங்கள்,
நடுவில் மணிக்கூண்டு,
இரண்டு வக்கீலுக்கு இடையில்
யாங் ஆரிஃப் உட்கார்ந்திருப்பதுபோல.

"அக்கா, தமிழா நீங்க?"
கோயம்புத்தூராம். கணவன், மனைவி,
ஐஸ்கிரீம் வழியும் கையோடு ஒரு பையன்.
"இது அரண்மனையா, மசூதியா?"
நான் வேலை பார்த்தபோது கோர்ட்டு, என்றேன்.
"கோர்ட்டுக்கு எதுக்குக்கா
இவ்ளோ அலங்காரம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை.
ஆனால் மாடியில் இடமிருந்து நான்காவது வளைவைத் தெரியும்.
அதற்குப் பின்னால் இருந்த அறையில்
நான் மொழிபெயர்ப்பாளர்.
கூண்டில் தவமணி.
ரப்பர் கையுறை ஃபேக்டரியில்
சூப்பர்வைசரை இரும்புக் கம்பியால் அடித்தவள்.
ஏன் அடித்தாய் என்று கேட்டதற்கு
நெடுநேரம் தரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"ஆத்தாமதாங்க."

அவ்வளவுதான்.
அரசு வக்கீல் என்னைப் பார்த்தார்.
யாங் ஆரிஃப் பேனாவைத் திறந்தார்.
அந்த நேரம் பார்த்து மணி அடிக்கத் தொடங்கியது.
அடித்து முடியும்வரை யாரும் பேசுவதில்லை,
பேசினாலும் கேட்காது.

பதினோரு அடி.
ஒவ்வோர் அடிக்கும் ஒரு சொல்லை எடுத்து
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
துக்கம் இல்லை. வெறி இல்லை.
இயலாமை பாதிதான்.
தாங்கித் தாங்கி, இனித் தாங்காது என்று
ஒரு பாத்திரம் தன்னையே சாய்த்துக்கொள்கிறதே, அதற்கு
அவர்கள் மொழியில் என்ன பெயர்?
ஆறாத ஒன்றை ஆறாதது என்று
எப்படிச் சொல்வது?
ஜன்னலுக்குக் கீழே இரண்டு ஆறுகள்
சேற்று நிறத்தில் கூடிப் போய்க்கொண்டிருந்தன.
அவையும் உதவவில்லை.

பதினொன்று அடித்து ஓய்ந்தது.
நான் சொன்னேன்: "மாரா."
கோபம்.

பேனா எழுதியது.
கோபத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது சட்டத்தில்.
ஏழு வருடம்.
இறங்கும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்,
தன் வாயாக இருந்ததற்கு.

மறுநாள் காலை குளிக்கும்போது
இரண்டு சொல் சேர்த்தால் ஏறக்குறைய வரும் என்று
தோன்றியது.
குளியலறையில் தோன்றுவதையெல்லாம்
கோர்ட்டில் சேர்த்துக்கொள்வதில்லை.

இதையெல்லாம் அவர்களிடம் சொல்லவில்லை.
"வெள்ளைக்காரன் கட்டினது,
கொஞ்சம் ஆடம்பரம்தான்" என்றேன்.
அவள் சிரித்தாள். போனை நீட்டினாள்.
"மணிக்கூண்டு முழுசா வரணும்க்கா."
மூவரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நின்றார்கள்.
பின்னால் உயரமான கம்பத்தில்
கொடி காற்றில்லாமல் தொங்கியது.

அப்போது அடித்தது.
பையன் உரக்க எண்ண ஆரம்பித்தான்,
ஒன்று, இரண்டு என்று
ஒவ்வோர் அடிக்கும் ஒரு காலைத் தூக்கி.
என் விரல் திரைமேல் நின்றது.
எட்டில் ஐஸ்கிரீம் விழுந்தது.
எண்ணிக்கையைத் தவறவிட்டு
அவன் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்,
மணி அதன்பாட்டுக்கு முடித்துக்கொண்டது.

எப்போது அழுத்தினேனோ.
அவள் வாங்கிப் பார்த்து,
படத்தை இரு விரலால் விரித்து, சுருக்கி,
கோபமில்லாமல்தான் சொன்னாள்:
"அக்கா, கடிகாரம் வெட்டுப்பட்டிருச்சே.
இன்னொண்ணு எடுங்களேன்."