இடம் கொடுக்கும் சாந்து

கென்ட் நகரில், கால்வாயைப் பார்த்த சுவர்.
செங்கல்லுக்கு நூற்று முப்பது வயது.
சிமென்ட் போதும் என்றான் வான்னெஸ்:
மூட்டை மலிவு, நாளைக்கே இறுகிவிடும்,
ஞாயிறன்று சைக்கிள் பந்தயம் பார்க்கலாம்.

கொத்தனார் ஹோடெலீவ் ஒன்றும் சொல்லவில்லை.
பக்கத்து வீட்டுச் சுவரில் விரல் வைத்தாள்.
செங்கல்லின் முகம் பொருக்காய் உதிர்ந்தது.
சிமென்ட் கோடுகள் மட்டும்
துருத்திக்கொண்டு நின்றன, அப்பழுக்கில்லாமல்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பார்கள்.
இங்கே
இடம் கொடுக்காததுதான் பிடுங்கியிருந்தது.

"உள்ளே போன ஈரம்
எந்த வழியாக வெளியே வரும்?"
அவ்வளவுதான் அவள் கேட்டது.

பலகையில் மூன்று உருண்டை வைத்துப் போனாள்,
மூன்று விதச் சுண்ணாம்புக் கலவை.
ஒரு மாதம் கழித்து நகத்தால் கீறினேன்.
ஒன்று மாவாய்க் கொட்டியது.
ஒன்றில் நகம்தான் உடைந்தது.
நடுவிலிருந்தது மெல்லிய கோடு வாங்கிக்கொண்டது,
சிப்பித் துணுக்கும் மஞ்சள் மணலுமாக.
இது, என்றேன்.

செப்டம்பர் முழுக்கப் பழையதைச் சுரண்டினோம்.
இடுக்கிலிருந்து ஒரு கரித்துண்டு விழுந்தது,
எந்தச் சூளையின் மிச்சமோ,
என் சட்டையைக் கறையாக்கும் அளவுக்கு இன்னும் கறுப்பு.

பூசிய பின் ஈரச்சாக்குப் போர்த்தினோம்.
வெயில் படக்கூடாது, காற்று படக்கூடாது,
உறைபனி வருமுன் இறுக வேண்டும்.
இரவில் எழுந்து நான் தண்ணீர் தெளித்தேன்.
நான்காம் இரவு, பக்கத்தில் படுக்கை காலி.
கீழே தெளிப்பானின் ஓசை.

உடைய வேண்டி வந்தால்
உடைவது சாந்தாக இருக்கட்டும், கல்லாக வேண்டாம்:
இதை நம் இருவருக்கும் பொருத்திப் பார்க்காதே
என்றேன் ஜன்னலிலிருந்து.

பார்க்கவில்லை என்றான் வான்னெஸ்.
சாக்கின் ஒரு முனை காய்ந்திருந்தது.
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.